குடைக்காரரும் மனைவியின் பதினோரு பேரும்

அந்த ஊரில் குடைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மழைக்கோ வெயிலுக்கோ அவர் குடை விரித்து ஒருவரும் பார்த்ததில்லை. மடக்கிய சிவப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகும். அவர் கூட்டத்துக்கு முகம் காட்டியபடி, முதுகுப் பக்கமாகவே நடந்து, கோட்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போவார். இருபத்தாறு வருஷமாகப் பின்பக்கமாக நடந்தும் ஒரு கல்லில்கூட இடறியதில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

பெருமைப்பட அவருக்கு வேறு விஷயங்களும் இருந்தன. கோட்டை மதில் முப்பத்தெட்டு அடி. கோபுரத்துக்கு இருநூற்றுப் பதினான்கு படி. ஆண்ட பரம்பரை ஆறு. எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எந்த வருஷம் மண்டையைப் போட்டான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அரசாங்கம் கொடுத்த வழிகாட்டி உரிமத்தைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். கல்யாணப் போட்டோ அதற்கு அடுத்த ஆணியில்தான் தொங்கியது.

அவர் மனைவிக்கு உரிமம் கிரிமம் ஒன்றும் கிடையாது. கோட்டைக்குள் இருக்கிற அரண்மனையில் பழைய மரத்தரை. செருப்புக் காலோடு உள்ளே விட மாட்டார்கள். வாசலில் செருப்பு வாங்கி வைக்கிற கவுண்டரில் அந்தம்மாள் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கிடையாது. ஆளைப் பார்த்ததும் அவரவர் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவாள், ஒரு நாளும் மாறிப்போனதில்லை. பிறகு காலுக்கு மாட்டிக்கொள்ளத் துணிப்பை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கவுண்டரை மூடிவிட்டார்கள், அவள் வீட்டோடு ஆகிவிட்டாள். குடைக்காரர் அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. செருப்பு வைக்கிற வேலைதானே!

வினை முட்டி வழியாக வந்தது. ஒருநாள் கோபுரப் படியில் இறங்கும்போது வலது முட்டி சுளீர் என்றது. ஒரு மாதம் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஓட்டலுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். அவருக்கு வழக்கமாக ஆள் பிடித்துக் கொடுக்கிற ஓட்டல் அது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கடைசி நேரத்துல நான் யாரைத் தேடுவேன்?"

"என் வீட்டுக்காரியை அனுப்பறேன். அவளுக்கும் கோட்டைதானே பழக்கம்" என்றார் குடைக்காரர்.

பெருந்தன்மையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த கணக்கு வேறு. வேறொரு உரிமக்காரனை அனுப்பினால் அவன் அங்கேயே ஒட்டிக்கொள்வான். இவள் போனால் நாலு இடத்தில் திக்கித் திணறுவாள், வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், 'குடைக்காரர் எப்போ வருவார்?' என்று கேட்பார்கள். அவள் நன்றாகச் செய்ய மாட்டாள் என்று நம்பித்தான் மனுஷன் அனுப்பினார். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

நாலு நாள் கழித்து ஓட்டல் வரவேற்பறையில் காத்திருந்தபோது, மேசைமேல் கிடந்த கருத்துப் புத்தகத்தைப் புரட்டினார். தன்னைப் பற்றி எழுதியிருந்தவை அவருக்கு மனப்பாடம். 'நல்ல விளக்கம்.' 'தகவல் நிறைந்த உரை.' 'நன்றி.' புதுப் பக்கத்தில் அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளியிருந்தார்.

'போன வருஷம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நாங்களே இந்த ஊரைச் சுற்றினோம். சுவர்களைப் பார்த்துவிட்டு, வெயிலில் வெந்து, பொய்த் தராசுக்காரனிடம் ஏமாந்து திரும்பினோம். இந்த முறை அம்மா கூட வந்தார். பெரிய வாசலில் எல்லாரும் வரிசையில் நிற்க, எங்களைச் சின்ன வாசல் வழியாகக் கூட்டிப் போனார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாகவே நடத்தினார். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர், எந்தக் கழிப்பறை சுத்தம், எந்தக் கடையில் தராசு நேராக நிற்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரைத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அது வேறு ஊராகவே ஆகிவிடுகிறது.'

குடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்திலும் அம்மா. அதற்கடுத்த பக்கத்தில் 'எங்கள் அம்மா'. புத்தகத்தை மூடி, அதன்மேல் காலண்டரை வைத்து, காலண்டர்மேல் பேனா டப்பாவை வைத்து நகர்ந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் எதைச் செய்தாலும் அவருக்குக் குற்றமாகப் பட்டது. காலையில் அவள் தலை வாரிக்கொண்டால், "யாருக்கு இந்த அலங்காரம்?" என்பார். தண்ணீர்ப் புட்டியை நிரப்பினால், "பெரிய ஆபீசர் கிளம்பியாச்சு" என்பார். அவளோ காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "மத்தியானத்துக்கு மூடி வச்சிருக்கேன், ஆறிடறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சண்டைக்கு வராதவளோடு எப்படித்தான் சண்டை போடுவது!

முட்டி சரியானது. ஆனால் கேட்டு வருகிறவர்கள் அம்மாவைக் கேட்டு வந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கோட்டை அலுவலகம் ஒரு புது விதி போட்டது. இனிமேல் ஓட்டலுக்கு ஒரே ஒரு வழிகாட்டிச் சீட்டுத்தான், அதுவும் ஒரு வருஷத்துக்கு ஒரே பெயரில். உரிமம் இல்லாவிட்டாலும் கோட்டையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்குத் தரலாமாம். ஒரே உறையில் இரண்டு கத்தி போட முடியாது, அதிலும் இரண்டும் ஒரே வீட்டுக் கத்தி.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, நீங்க சீனியர். ஆனா வர்றவங்க எல்லாம் அக்காவையே கேக்கறாங்க. எனக்குத் தர்மசங்கடமா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரை எழுதிக் கொடுக்கணும்."

"அவ ஆளைத் தொலைச்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் குடைக்காரர், சும்மா கேட்கிற மாதிரி.

"ஐயோ, தொலைச்சா அப்புறம் எப்படிண்ணே! யாரா இருந்தாலும் சீட்டு கிடையாது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஆளைத் தொலைப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவரே ஒரு தடவை தொலைத்திருக்கிறார்.

பல வருஷத்துக்கு முந்தின கதை. இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் வாசலில் நிறுத்தி, குடை நுனியால் இரண்டிரண்டாக எண்ணினார். இருபத்திரண்டு, சரி. பஸ்ஸில் ஏறப்போகிற நேரத்தில் செருப்புக் கவுண்டரிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். கையில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. "இதுக்குச் சொந்தக்காரர் இன்னும் வெளிய வரலைங்க!" போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் படக்கூடத்து பெஞ்சில் அசந்து தூங்குகிறார், காவலாளி கதவைப் பூட்டச் சாவியை எடுத்துவிட்டான். அப்படியானால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது? காசு கொடுக்காமல் ஓசியில் வரலாறு கேட்டுக்கொண்டு ஒரு ஆள் கூட்டத்தோடு கூட்டமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் தலையும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நல்லவேளையாக அவள் கண்டுபிடித்ததை யாரும் கவனிக்கவில்லை. "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று குடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். மனைவி ஒருநாளும் அதை மறுக்கவில்லை. அதுவேகூட இப்போது அவருக்குக் குத்தியது.

சனிக்கிழமை காலை அவளுக்குப் பதினோரு பேர். "நான் டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லி அவளுக்கு முன்பே கிளம்பினார். தெருமுனையில் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மாட்டினார், கறுப்புக் கண்ணாடி போட்டார், மேல்சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தார். மச்சினன் வாங்கிக் கொடுத்து, ஐந்து வருஷமாக மடிப்புக் கலையாமல் இருந்த பூப்போட்ட சட்டையை ஏற்கெனவே உள்ளே போட்டிருந்தார். குடையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார். கை ஏதோ குறைந்தது மாதிரி தொங்கியது. சின்ன வாசலுக்குள் பதினோரு பேரும் நுழைந்ததும், கடைசி ஆளுக்கு இரண்டடி பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். எந்த ஓசிக்காரனை இத்தனை வருஷம் திட்டினாரோ, அதே மாதிரி.

அவள் முதலில் வரலாறே சொல்லவில்லை. எல்லாரையும் ஒரு திண்டில் உட்கார வைத்து, தலையைக் குனிந்து அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். "உங்களுது வழுக்கும், படியில சுவரைப் பிடிச்சுக்கங்க. உங்க லேஸை இறுக்கிக் கட்டுங்க." ஊதா வார் வைத்த செருப்புப் போட்டிருந்த ஒரு அம்மாளிடம், "இது புதுசா? கண்டிப்பாக் கடிக்கும். இந்தப் பஞ்சை வச்சுக்கங்க" என்று ஒரு துண்டைக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற டீச்சர், தனியாக வந்தவர். 'கோட்டையைப் பார்க்க வந்தவங்களுக்குச் செருப்புப் பாடமா?' என்று குடைக்காரர் மனதுக்குள் பொரிந்தார்.

மதிலைப் பார்த்த ஒருவர், "இது எத்தனை அடி உயரம்மா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள், கூச்சமே இல்லாமல்.

முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு என்று குடைக்காரரின் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கித் தொலைத்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"ஆனா ஒண்ணு பாருங்க" என்று அவள் தரையைக் காட்டினாள். "இந்தக் கல்லுக்கு நடுவுல ஓடுது பாருங்க, ஒரு சின்ன வாய்க்கால். எவ்வளவு மழை பெஞ்சாலும் கால் மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிடும். கட்டினவரு பேரு எனக்கு வாயில நுழையாது. அவரு வேலை மட்டும் இன்னிக்கும் நடக்குது."

பதினோரு பேரும் குனிந்து பார்த்தார்கள். குடைக்காரரும் குனிந்தார். ஆறு பரம்பரையையும் ஒப்பிக்கத் தெரிந்த அவர் அந்த வாய்க்காலை அன்றைக்குத்தான் பார்த்தார். பின்பக்கமாகவே நடந்தவருக்குத் தரை எங்கே தெரிந்தது! இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்ததும் வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

கிணற்று முற்றம், ஆயுதசாலை என்று சுற்றிக் கோபுரத்தடிக்கு வந்தார்கள். கோபுரக் காவலாளி நுழைவுச் சீட்டைப் பார்த்து ஆளை எண்ணித்தான் ஏற விடுவான். அவன் விரலை நீட்டி எண்ணினான். "ஒம்பது, பத்து, பதினொண்ணு. சரியா இருக்கு. ஏறுங்க."

குடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். காவலாளி கடைசியாக விரல் நீட்டியது அவரை நோக்கித்தான். பதினோரு பேரோடு அவரையும் சேர்த்தால் பன்னிரண்டு வரவேண்டும். பதினொன்றுதான் வந்தது. அப்படியானால் ஒரு ஆள் இல்லை. வந்தவர்களில் யாரோ ஒருவர் எங்கேயோ நின்றுவிட்டார், அவர் இடத்தை இவர் தலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதே பழைய தப்பு! அன்றைக்கு ஒரு ஓசிக்காரன் அவருக்குச் செய்ததை இன்றைக்கு அவர் தன் மனைவிக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது சந்தோஷம். மாட்டினாள்! இனி கோபுரத்தில் ஏறுவாள், இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். சீட்டு யாருக்கு என்பது இங்கேயே தீர்ந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

அவள் முதல் படியில் கால் வைத்தாள். பிறகு வழக்கம்போலத் தலையைக் குனிந்து, நிற்கிற கால்களை ஒரு தரம் பார்த்தாள். வைத்த காலை எடுத்தாள்.

"ஊதா வார் செருப்பு எங்கே?"

"எண்ணிட்டேன்மா, பதினொண்ணு இருக்கு" என்றான் காவலாளி.

"தலை இருக்குப்பா. அந்தச் செருப்பு இல்லை." வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "கால் கடிச்சிருக்கும். கிணற்று முற்றத்துல தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நிழல் இருக்கு, அங்கதான் உக்காந்திருப்பாங்க. கழுவி விடறதுக்குப் பதினொரு மணிக்கு அதைப் பூட்டிடுவாங்களே!"

மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. பூட்டினால் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். பத்துப் பேரை நடுவழியில் விட்டுவிட்டு அவள் ஓடவும் முடியாது. கூட்டத்தின் கடைசியைப் பார்த்துச் சொன்னாள்:

"தொப்பி போட்ட ஐயா, நீங்க கொஞ்சம் போய்க் கூட்டிட்டு வர்றீங்களா? படி வழியா வேண்டாம், முட்டிக்கு ஆகாது. சரிவு வழியாப் போங்க, மூணு நிமிஷம்தான்."

குடைக்காரர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

சரிவுப் பாதையில் வேகம் தானாகக் குறைந்தது. இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போதும். பூட்டு விழுந்துவிடும். டீச்சர் உள்ளேயிருந்து கத்துவார், மேனேஜருக்குச் செய்தி போகும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, முட்டி வலிக்காரர்தானே. சீட்டு அவர் பெயருக்கு வந்துவிடும். அவர் நின்றேவிட்டார். நின்றார் என்பதை மறைத்து என்ன பிரயோஜனம்? சுவரில் சாய்ந்து நின்றார்.

கீழே சாவிக்கொத்து குலுங்கியது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். பழுப்புச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அவள் தன் பாட்டுக்குக் கவுண்டரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் இருந்திருக்காது, குடையும் இருந்திருக்காது.

"பூட்டாதே! உள்ளே ஆள் இருக்கு!" என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

முற்றத்துக் காவலாளி சாவியோடு திரும்பினான். "யாரோட ஆளு?"

குடைக்காரர் மூச்சு வாங்க நின்றார். "என் வீட்டுக்காரியோட ஆளு" என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு இருநூற்றுப் பதினான்கு படி ஏறினாலும் பட்டிருக்காது.

டீச்சர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவள் சொன்ன அதே நிழலில், குதிகாலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாக நடந்து வரும்போது கேட்டார்.

"நீங்களும் ஊர் சுத்திப் பார்க்க வந்தவரா?"

"ஆமாங்க."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இனிமே எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர்க்காரங்க ஒருத்தரைக் கூட வச்சுக்கங்க. புத்தகத்துல இருக்கறதை யாரும் படிச்சுச் சொல்லிடுவாங்க. நமக்கு எங்க கால் வலிக்கும்னு தெரிஞ்சவங்க கிடைக்கறது அபூர்வம்."

வழிகாட்டித் தொழிலில் தலை நரைத்த மனுஷனிடம், வழிகாட்டி வைத்துக்கொள் என்று ஒருவர் புத்தி சொன்னார். அவரும், "சரிங்க" என்று கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தொப்பி கண்ணாடியெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். மேனேஜர் விண்ணப்பத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில ஏதோ ஆள் காணோம்னு காதுல விழுந்துச்சு. நிஜமாண்ணே?"

இதோ, கடைசி வாய்ப்பும் தானாக மடியில் வந்து விழுந்தது. குடைக்காரர் கருத்துப் புத்தகத்தைப் பார்த்தார். அதன்மேல் அவர் அடுக்கி வைத்த காலண்டரையும் பேனா டப்பாவையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

"யாரும் காணாமப் போகலை. போன பதினொண்ணும் வந்தாச்சு. அவ பேரையே எழுதுங்க."

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"மனசு கிடக்கட்டும். நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கிறாரா என்று பார்க்காமலே வெளியே வந்தார். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வயிறு முன்னைப்போலவே எரிந்தது. ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பிடித்துக் கடைவீதி, துறைமுகம் என்று காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டை அவளுடையது.

வீட்டில் அவள் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து வைத்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் அவர் முட்டியில் வைத்தாள்.

"எப்போ கண்டுபிடிச்சே?" என்றார் அவர், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு.

"சின்ன வாசல்லயே."

"எப்படி?"

அவள் வாசல் பக்கம் தலையை அசைத்தாள். அங்கே அவர் செருப்பு கிடந்தது. இடது குதியில் பழுப்பு வாரைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. போன வருஷம் அவளே தைத்தது. சட்டை, தொப்பி, கண்ணாடி என்று எல்லாவற்றையும் மாற்றியவர் காலைக் குனிந்து பார்க்க மறந்திருந்தார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் குடைக்காரர் போய் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கினார். எல்லாரிடமும் இருக்கிற மாதிரி, அடையாளமே தெரியாத சாதாரணக் கறுப்பு. பையில் மறைத்துக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்.

தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அது கடிக்கும்ங்க. ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே போட்டுப் பழக்கிட்டு, அப்புறமா என் பின்னாடி வாங்க."